எல்மர் பிக்ஸ்பியின் பணி நிறைவு விழா

பட்டாசு டப்பாவின் மேல் யார் படத்தை வேண்டுமானாலும் போடலாம் என்பது சிவகாசி வட்டாரத்தின் எழுதப்படாத உரிமை. மயில், சிங்கம், கொழுகொழு பாப்பா, காலண்டருக்கு அச்சடித்து மிஞ்சிய ரோஜாப்பூ, எந்த நாட்டு நடிகை என்றே தெரியாத நடிகை எல்லாரும் டப்பாவில் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. கேட்பதற்கென்றே விருதுநகரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் பெயர் 'வெடிபொருள் மேலுறைப் படத் தகுதி ஆய்வுப் பிரிவு'. பெயர்ப்பலகை வாசலை விட அகலமாக இருந்ததால், பாதிப் பெயர் பக்கத்து டீக்கடைக்கு மேல் இருந்தது.

அதில் முதலில் மாட்டியவர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் புஸ்வாணக் கம்பெனி நடத்தும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி. மாட்டிவிட்டது அவர் மகன் ஸ்ரீராம்குமார்.

ஸ்ரீராம்குமார் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு 'விண்டேஜ்' என்ற ஒரு சொல்லோடு ஊர் திரும்பியவன். வீட்டில் இருந்த நல்ல நாற்காலிகளை விற்றுவிட்டு, துருப்பிடித்த நாற்காலிகளை அதைவிட அதிக விலைக்கு வாங்கிப் போட்டான். உட்கார்ந்தவர்கள் வேட்டியில் கறையோடு எழுந்தார்கள். அதுவும் விண்டேஜ்தானாம்.

இந்த வருஷத் தீபாவளிக்கு 'ஹோம்ரன் புஸ்வாணம்' என்று புது லேபிள் அடித்தான். அதில் பழுப்பேறிய ஒரு போட்டோ. எல்மர் பிக்ஸ்பி என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், தொங்குமீசையும் தோளில் கட்டையுமாக நிற்கிறார். 1909-லேயே ஆட்டத்தை விட்டு ஒதுங்கியவர்.

"யாருலே இந்தாளு?" என்றார் அண்ணாச்சி. "நம்ம சங்கிலிமுத்து கணக்கா இருக்கான்."

"பழசுதான்ப்பா இப்பப் புதுசு," என்றான் மகன்.

பழசு என்றால் கம்பெனியிலேயே சங்கிலிமுத்து இருந்தார். அண்ணாச்சியின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். முட்டி தேய்ந்துவிட்டது. ஆலங்குளத்தில் மகள் வீட்டோடு போய் நாலு ஆட்டை மேய்த்துக்கொண்டு இருக்கலாம் என்று ஆசை. சொல்லாமல் நின்றுவிடுகிற ஆள் இல்லை அவர். முதலாளி வாயால் 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை வரவேண்டும். வருஷா வருஷம் வந்து தலையைச் சொறிவார்.

"சீசன் முடியட்டும்ப்பா," என்பார் அண்ணாச்சி.

தீபாவளி போனால் கார்த்திகை, பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல், வடக்கே கல்யாணங்கள், நடுவில் ஏதாவது ஒரு தேர்தல். சிவகாசியில் சீசன் முடிந்து பார்த்தவர் யாரும் இல்லை. அண்ணாச்சியே பார்த்ததில்லை. ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டருக்கும், காசிக்குப் போகலாம் என்ற மனைவிக்கும் அவர் இதே பதிலைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

டப்பாக்கள் நிரம்பி, பாட்னா லாரி லோடு ஏற்றி வாசலில் நின்றது. படத்துக்கு ஒப்புதல் வந்தால்தான் அது நகரலாம். சரக்கு வாங்கும் பாட்னா சேட் காலையும் மாலையும் போன் போட்டு, ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி ஒன்றில் வேறு சரக்கு தயாராக இருப்பதாகச் சொன்னார். ஒரு வருஷத்து உழைப்பு அந்த லாரியில் இருந்தது. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. விருதுநகருக்கு ஓடினார்.

ஆய்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி, டப்பாவை மூன்று பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இவர் யாரு அண்ணாச்சி?"

"பேஸ்பால் ஆட்டக்காரர் சார்."

"பணியில் உள்ள விளையாட்டு வீரரின் படம் வெடிபொருள் மேல் இடம்பெறலாகாது. ஓய்வு பெற்றவர்னா ஆட்சேபணை இல்லை."

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "ஓய்வு பெற்று நூறு வருசத்துக்கு மேல ஆச்சு சார்!"

"எத்தனை வயசுல?"

"முப்பத்திமூணுலன்னு பையன் சொன்னான்."

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்திமூணுல ஓய்வா? எங்க துறையில அந்த வயசுலதான் வேலைக்கே எடுப்பாங்க. என்ன காரணம்?"

"தோள்பட்டை வலியாம் சார்."

"வலின்னா மருத்துவ விடுப்பு. அது எப்படி ஓய்வாகும்? முறையா விடுவிச்ச உத்தரவு இருக்கா?"

"இல்லையே சார்."

"அப்ப அவர் இன்னும் விடுப்புலதான் இருக்கார்."

"சார், அவரு செத்தே போயிருப்பாரு!"

"எந்த ஊராட்சியில பதிவாகியிருக்கு?"

தனுஷ்கோடி இரக்கமுள்ளவர். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு வழி சொன்னார்.

"அவரை இப்ப யார் வேலை வாங்குறது? நீங்க. உங்க டப்பாவுலதான நிக்கிறார்? அப்ப நீங்கதான் விடுவிக்கணும். பணி நிறைவு விழா நடத்துங்க. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முறைப்படி இருக்கணும். நானே வந்து பார்க்கிறேன்."

"அவரு எப்படி சார் வருவாரு?"

"பிரதிநிதி போதும். ஆனா ஒண்ணு. பிரதிநிதிக்குச் செய்யறது அவருக்குச் செய்யறது. பிரதிநிதி செய்யறது அவர் செய்யறது. நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது."

"பேச மாட்டேன் சார்," என்று அண்ணாச்சி கும்பிட்டார்.

பிரதிநிதிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தொங்குமீசை சங்கிலிமுத்துவிடம் ஏற்கனவே இருந்தது. பழுப்புப் போட்டோவில் அமெரிக்காக்காரரும் தாயில்பட்டிக்காரரும் ஒரே நிறம்தான்.

விழா கம்பெனிக்கு வெளியே, வேலையாட்களை ஏற்றி வரும் வேன்கள் நிற்கும் பொட்டலில் நடந்தது. 'ஓய்வறியா ஆட்ட நாயகன் எல்மர் பிக்ஸ்பி அவர்களின் பணி நிறைவுப் பாராட்டு விழா' என்று ஃபிளெக்ஸ். அதில் அண்ணாச்சியின் படம் பெரிது, தனுஷ்கோடியின் படம் அதற்கு அடுத்தது, ஸ்ரீராம்குமார் கூலிங்கிளாஸோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பிக்ஸ்பி மூலையில், பிரிண்டிங் பிரஸ் பெயருக்கு மேலே இருந்தார்.

தனுஷ்கோடி அரை மணி நேரம் பேசினார். "பிக்ஸ்பி அவர்கள் தம் பணிக்காலத்தில் எவ்வித ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளாகாதவர். நேரந்தவறாமைக்கு இலக்கணமாகத் திகழ்ந்தவர்."

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் பலமாகக் கைதட்டினார்கள். நேரந்தவறாமல் முதல் வேனில் வந்து இறங்குகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். சங்கிலிமுத்துவின் மனைவி இருளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். லாரி நகரப்போகிற சந்தோஷத்தில் குரல் கணீரென்று வந்தது. "எங்க கம்பெனிக்காக ஓடா உழைச்ச இவரை இன்னையிலேர்ந்து விடுவிக்கிறோம். இனிமே இவருக்கு ஓய்வு. நல்லா இருக்கட்டும்!"

மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு நேரம் பார்க்க வேலையில்லை என்பதால் நம் வழக்கப்படி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். சங்கிலிமுத்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். சாயங்காலமே ஒப்புதல் கிடைத்து லாரி கிளம்பியது.

திங்கட்கிழமை காலை, வெளுத்த வேட்டியும் கையில் ஒரு பையுமாக, கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கிலிமுத்து வந்து நின்றார். பின்னால் இருளம்மாள், தலையில் மூட்டையோடு.

"வாறேன் மொதலாளி."

"எங்கப்பா கெளம்பிட்டே?"

"ஆலங்குளத்துக்கு. நீங்கதான மைக்குல சொன்னீக, இன்னையிலேர்ந்து ஓய்வுன்னு."

"அது அந்த அமெரிக்காக்காரனுக்குச் சொன்னதுப்பா!"

"மாலை எங் கழுத்துலதான மொதலாளி விழுந்துச்சு?"

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தனுஷ்கோடிக்குப் போன் போட்டார்.

"பிரதிநிதியைத் தனியாப் பிரிக்க முடியாது அண்ணாச்சி," என்றார் தனுஷ்கோடி. "அவர் வேலைக்கு வந்தா பிக்ஸ்பி வேலைக்கு வந்ததா அர்த்தம். பணியில் உள்ள வீரர் ஆயிடுவார். ஒப்புதல் ரத்து. லாரி இப்ப எங்க போகுது?"

"நாக்பூர் தாண்டியிருச்சு சார்."

"திருப்பச் சொல்லட்டுமா?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு சங்கிலிமுத்துவைப் பார்த்தார். இத்தனை வருஷம் வாயில் வராத வார்த்தை, லாரிக்காக வந்தது.

"போயிட்டு வாப்பா."

சங்கிலிமுத்து கும்பிட்டார். கும்பிடும்போது கடிகாரம் நழுவப் பார்த்தது. அண்ணாச்சிதான் எட்டிப் பிடித்துக் கொடுத்தார். சங்கிலிமுத்துவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். பொறாமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்று மத்தியானமே பாக்கிங் ஷெட்டிலிருந்து பஞ்சம்மாள் வந்துவிட்டாள்.

"மொதலாளி, அடுத்த லேபிளுக்கு வெள்ளக்காரி யாரையாச்சும் போடுங்க. எம் மூஞ்சி கணக்கா இருக்கணும். எனக்கும் இடுப்பு போயிருச்சு."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் செல்போனில் பழைய பழுப்புப் போட்டோக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் விண்டேஜ் இப்படித்தான் பரவியது. ஸ்ரீராம்குமாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனி கேட்டைப் பூட்டியதும் அண்ணாச்சி துருப்பிடித்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். எதிரில் மகன் லேப்டாப்பில் முகம் புதைத்திருந்தான். பொட்டலில் ஃபிளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தன் பெரிய முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏலே, அந்த பிக்ஸ்பிக்கு முப்பத்திமூணு வயசுலயே ஓய்வுன்னேல்ல?"

"ஆமாப்பா."

"எனக்கு எழுபத்தொண்ணு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த லேபிளுக்கு எம் படத்தைப் போட்டா என்ன? கொஞ்சம் பழுப்பாக்கி, ஒரு விழாவும் வச்சு... உங்கம்மாவும் காசி காசிங்கா."

ஸ்ரீராம்குமார் தலையைத் தூக்கவில்லை.

"போடலாம்ப்பா," என்றான். "சீசன் முடியட்டும்."