இரவுச் செபத்தில் கழுதைக்காரன் பாட்டு

வில்லாசெர்ரா,
புனித லூக்கா திருநாளுக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லெஸ்மேஸ் அவர்களுக்கு, கொன்சால்வோ எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைய அந்தோணியாரை மன்றாடுகிறோம். ஒழுங்காக எழுத முடிந்தது இவ்வளவுதான். இனி நடந்ததை அப்படியே கொட்டிவிடுகிறேன்.

நம் மாப்பிள்ளை மெல்கியோர், கோவில் பாடகர்களுக்குத் தலைவர் அல்லவா, நேற்று ஆயர் வருகைக்கென்று இரவுச் செபத்தின் அந்திப் பாட்டுக்குப் புது இசை அமைத்திருந்தார். நான்கு குரல். வார்த்தைகள் பழைய லத்தீன்தான், வெளிச்சம் போகுமுன் காத்தருளும், கெட்ட கனவு அண்டாமல் பார்த்துக்கொள்ளும் என்று. நான் அடிக்குரல். என் பங்கைத் தப்பாமல் பாடுவதற்குள்ளேயே உயிர் போகிறது, பக்கத்தில் நடுக்குரல்காரர்கள் என்ன மெட்டில் இழுக்கிறார்கள் என்று யார் கவனித்தது? முதல் சரணத்தில் வானதூதர் இறங்கி வந்ததுபோல் இருந்தது. இரண்டாவதில் மாப்பிள்ளை கொஞ்சம் வேகம் கூட்டினார், நடுக்குரல் மெட்டு பளிச்சென்று வெளியே வந்தது, பாருங்கள், பின்னால் நின்ற கழுதைக்காரன் ஃபோர்டூன், "அட, இது நம்ம பாட்டுடா!" என்று கத்தி, சத்திரக்காரி பாவாடையைப் பற்றிய அந்தப் பாட்டை, ஆமாம் மைத்துனரே, அதையேதான், அதன் சொந்த வார்த்தைகளோடு எடுத்துவிட்டான், கூட்டமே சேர்ந்துகொண்டது, நான் லத்தீனில் கெட்ட கனவுகளை விரட்டுகிறேன், மீன்காரிகள் கைதட்டுகிறார்கள்!

ஆயர் முகம் அவர் அங்கியைவிடச் சிவந்துபோயிற்று.

"யாருய்யா இதக் கட்டினது?"

"நான்தான், ஆண்டவரே," என்றார் மாப்பிள்ளை.

"இனிமே இந்தக் கோவில் படிய மிதிக்காத!"

வீட்டுக்கு வந்ததும், "ஏன் மாப்ள, ஊர்ல வேற மெட்டே கெடைக்கலையா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மொதமொதல்ல பிரியாந்தாவப் பாத்தப்ப, துணி அலசிக்கிட்டே இதத்தான் மாமா பாடிட்டிருந்தா," என்றார். என் மகள் பிரியாந்தா! கன்னியர் மடத்தில் படித்த பெண்! "உனக்கு இது எப்படிடி தெரியும்?" என்றால், "அம்மா மாவு பிசையும்போது பாடுவாங்களே," என்கிறாள். உங்கள் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். "எங்க அண்ணன் சொல்லிக்குடுத்தது," என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

ஆகவே மைத்துனரே, உங்கள் ஊர் புர்கோஸில் மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கவேண்டியது உங்கள் கடமை. வீட்டார் அனைவருக்கும் கன்னிமரியாளின் காவல் இருக்கட்டும்.

தங்கள்,
கொன்சால்வோ

பின்குறிப்பு: வேலை ஒன்றும் பார்க்கவேண்டாம். ஆயரின் வேலைக்காரன் இப்போதுதான் வந்தான். ஆயருக்கு இரவெல்லாம் தூக்கமே வரவில்லையாம், மெட்டு மண்டைக்குள் சுற்றுகிறதாம், "மூணாவது சரணம் என்னன்னு கேட்டுட்டு, அப்படியே மெல்கியோரையும் கூட்டிட்டு வரச் சொன்னார்," என்கிறான். உங்கள் தங்கைக்கு இரண்டு சரணம்தான் தெரிகிறது. மிச்சத்தை உடனே எழுதி அனுப்பவும்.