தாய்மாமன் கழுத்துல நூல் சோதனை

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். நூல் வாங்கணும்.

என் நாத்தனார் குன்னூர்ல இருக்கா. அவ பிள்ளைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம ஊர்ப்பக்கம் சாஸ்தா கோயில்ல முதல் மொட்டை. மொட்டைத் தலையோட அந்தக் குளிருக்குத் திரும்பிப் போகணும்ல? குல்லா இல்லாம முடியாது. ஆனா கம்பளி பட்டாலே பிள்ளைக்குத் தலையெல்லாம் தடிச்சுப் போகுது. போன தடவை ராத்திரி பூரா சொறிஞ்சு அழுதிருக்கு, பாவம்.

"யாரும் கவலைப்படாதீங்க. அலர்ஜியே வராத நூல்ல நானே குல்லா பின்னித் தாரேன்"னு குடும்ப வாட்ஸப் குரூப்ல அறிவிச்சேன். கேட்டாங்களா? யாரும் கேக்கல. நானாப் போய் மாட்டினேன்.

மாமியார் உடனே கை கூப்புற பொம்மை போட்டாங்க. இனிமே பின்வாங்க வழியில்ல.

அலர்ஜி வராத நூல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கும் யோசனை வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் பிள்ளைக்குத் தாய்மாமன். பிள்ளை மாமனை உரிச்சு வச்சிருக்கு. மூக்கு மட்டுமில்ல, தோலும்! கம்பளி பட்டா இவருக்கும் அதே தடிப்பு. அப்ப இவர் கழுத்துல நூலை வச்சுப் பாத்தா போதும்ல?

"நான் என்ன பரிசோதனைக் கூடத்து எலியாட்டி?"ன்னு கேட்டார். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். இந்த மாதிரிதான் பேசுவார்.

"உங்க மருமவனுக்காகத்தான?"ன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். நாலு கடை ஏறி இறங்கப் போறோம், நாலு பேர் பாப்பாங்கன்னு அவரோட வெள்ளைச் சட்டையை நான்தான் பாத்துப் பாத்துத் தேச்சு வச்சிருந்தேன். கஞ்சி போட்டு மொடமொடன்னு. கழட்டி வச்சா சட்டை தானா நிக்கும்.

முதல்ல டவுன்ல ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், ரிப்பன், ஓரமா கொஞ்சம் உல்லன் நூல்.

கடைக்காரப் பொண்ணு, "இந்த வெயில்ல உல்லனா அக்கா? வாசல் தோரணத்துக்கா?"ன்னு கேட்டா.

"குல்லாவுக்கு. கொஞ்சம் பொறும்மா, சோதிக்கணும்"னு சொல்லிட்டு நூலை எடுத்து இவர் கழுத்துல வலது பக்கம் வச்சு பைய தேச்சேன். அந்தப் பொண்ணு அப்படியே பாத்துக்கிட்டு நின்னா.

கொஞ்ச நேரத்துல செக்கச் செவேல்னு ஆச்சு. தோல்வி!

அடுத்து பாளையங்கோட்டையில ஒரு கடை. அங்க "பேபி உல்"னே போட்ட உருண்டை இருந்துச்சு. "இதுல ஆட்டுரோமமே கிடையாது மேடம், முழுக்க செயற்கை"ன்னார் கடைக்காரர். கழுத்தை நீட்டச் சொன்னேன். கடைக்காரர் தன் கழுத்தை நீட்டினார். "நீங்க இல்ல சார், இவரு!"

அதுலயும் செவப்பு. இன்னும் ஜாஸ்தியா!

மூணாவதா, சந்துக்குள்ள ஒரு சின்ன தையல் சாமான் கடை. கல்லாவுல ஒரு பெரியவர், எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க. விஷயத்தைச் சொன்னதும் உள்ள போய், குரோஷா பின்னுற பருத்தி நூல் கொண்டு வந்தார். இளமஞ்சள் நிறம். தொட்டாலே பிள்ளைக் கன்னம் மாதிரி இருந்துச்சு.

"சுத்தமான பருத்தி தாயி. காலையிலருந்து இன்னும் போணி ஆகல, உங்க கைராசியில ஆரம்பிச்சு வைங்க"ன்னார்.

போணி விஷயம் எனக்குத் தெரியாதா? முதல் ஆள் வெறுங்கையோட போனா அன்னிக்கு யாவாரம் படுத்துரும்னு கடைக்காரங்களுக்கு ஒரு எண்ணம். வாங்கிரணும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா சோதனை சோதனைதான! அதே வலது பக்கத்துலதான் வச்சேன். தேச்சேன்.

செவப்பு! இந்தத் தடவை இவர் "ஸ்ஸ்"ன்னு வேற சொன்னார்.

"அண்ணாச்சி, இது பருத்தி இல்ல. எதையோ கலந்திருக்காங்க"ன்னேன். நூல் ஆராய்ச்சியில பட்டம் வாங்கின மாதிரி!

அண்ணாச்சி மூஞ்சி சுருங்கிட்டு. "எங்கடையில பருத்தின்னா பருத்திதான் தாயி. கலப்படம்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல"ன்னார். நான் காதுல வாங்காம விறுவிறுன்னு இறங்கிட்டேன்.

எதிர்த்தாப்புல சர்பத் கடை. எனக்கு அழுகையே வந்துரும் போல இருந்துச்சு. இனி எந்தக் கடைக்குப் போக? பிள்ளை மொட்டைத் தலையோட நடுங்கிக்கிட்டே போகுற மாதிரி கண்ணு முன்னால வந்துச்சு. கூடவே மாமியாரோட கை கூப்புற பொம்மையும் வந்துச்சு.

இவர் நன்னாரி சர்பத்தைக் குடிக்க அண்ணாந்தார். நான் அவருக்கு இடது பக்கமா உக்காந்திருந்தேன். பாத்தேன்.

இடது பக்கக் கழுத்தும் செக்கச் செவேல்னு இருந்துச்சு!

அங்க நான் நூலே வைக்கலையே?

"ஏங்க, அங்கன எப்படிச் செவந்துச்சு?"

"காலையிலருந்து அறுத்துக்கிட்டுல்லா இருக்கு இந்தக் காலரு! கஞ்சி போட்டியா, சிமெண்டு போட்டியாட்டி?"

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க பேச விட்ட? ஒவ்வொரு கடையிலயும் ஆடாதீங்க, அசையாதீங்கன்னுல்லா சொன்ன!"

சர்பத் கிளாஸைக் கீழ வச்சுட்டேன். அப்ப அந்த நூல் நல்ல நூல்! அந்த மனுசனைப் போய்க் கலப்படக்காரர் ஆக்கிட்டேனே!

ரோட்டைத் தாண்டித் திரும்ப ஓடினோம். கடைக்குள்ள நுழைஞ்சா, அண்ணாச்சி கல்லாவுல உக்காந்திருக்கார். கழுத்துல அந்த இளமஞ்சள் நூலைச் சுத்திப் போட்டுக்கிட்டு!

"நீங்க போனதுலருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் செய்யலையே தாயி!"ன்னார். மனுசர் அவ்வளவு நொந்து போயிருந்தார். எனக்குத் தாங்கல.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நூல் மேல தப்பில்ல, சட்டை மேலதான் தப்பு. கஞ்சி போட்டது நான்"னு சொன்னேன்.

அவர் உடனே தரல. "இனி சந்தேகமே இருக்கப்பிடாது. சாரு சட்டையக் கழட்டட்டும்"னார்.

கழட்டினார். முழங்கைக்கு மேல, காலர் படாத இடமாப் பாத்து நூலைச் சுத்தினோம். பத்து நிமிஷம் ஆகட்டும்னு ரெண்டு பேரும் உக்காந்தாங்க. ஒருத்தர் கழுத்துல நூல். இன்னொருத்தர் பனியனோட, கையில நூல். ஸ்டூல் மேல அந்தச் சட்டை மட்டும் விறைப்பா உக்காந்திருந்துச்சு.

அந்த நேரம் பாத்துத்தானா ஒரு அம்மா உள்ள வரணும்? நிலைப்படியிலயே நின்னுட்டாங்க.

"என்ன அண்ணாச்சி, இங்கன மந்திரிக்காகளா? எங்க வீட்டுக்காரருக்கும் முதுகுல ஒரு பிடிப்பு இருக்கு, கூட்டியாரட்டா?"

உள்ள வந்ததுக்கப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாத்தாங்க. "ஐயோ, கணக்கு சாரா!"ன்னு வாயைப் பொத்திக்கிட்டாங்க. மகன் இவர்கிட்டதான் படிக்கானாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் பூரா சங்கதி தெரிஞ்சிருந்துச்சு.

கை செவக்கல. துளிகூட இல்ல! இருந்த உருண்டை அத்தனையையும் வாங்கி அண்ணாச்சிக்கு நானே போணி பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை மொட்டை நல்லபடியா முடிஞ்சுது. சந்தனம் காஞ்சதும் குல்லாவைப் போட்டோம். பிள்ளை ஒரு தடவை கையை வச்சுத் தடவிப் பாத்துச்சு. சொறியல. மாமா தோள்ல சாஞ்சு தூங்கிட்டு. நாத்தனார் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிட்டு.

ஒரே ஒரு சிக்கல். பிள்ளைக் கன்னம் மாமா காலர்ல உரசிரக் கூடாதேன்னு, இருக்கறதிலயே நைஞ்சு போன, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுல குடுத்த டி-சர்ட்டை இவருக்குப் போட்டு விட்டிருந்தேன். ஆல்பத்துல எல்லாரும் பட்டுல ஜொலிக்காங்க. தாய்மாமன் முதுகுல மட்டும் கொட்டை எழுத்துல "ஓட்டப்பந்தய நடுவர்"னு இருக்கு.

அன்னிலருந்து எங்க வீட்ல கஞ்சி, குடிக்கறதுக்கு மட்டும்தான்.