அமைதி நேரமும் ஒரு ஜோடி றெக்கையும்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் யாரோ, எனக்குத் தெரியாது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஒருவரும் சத்தம் போடக்கூடாது என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள். ஜெர்மனியில், ர்யோன் மலையடிவாரத்தில், எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் குட்டி விமானங்களுக்காக ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ‘அமைதி நேர’த்தைக் காப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. சங்கச் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

ஞாயிறன்று மலைப்போட்டி. அதில் ‘சொந்தக் கை’ என்று ஒரு பிரிவு உண்டு. தானே செய்த றெக்கையோடு வந்தால்தான் அனுமதி. எங்கள் உறுப்பினர் சில்கே அதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். போன வருடம் அவளைக் “கடையில வாங்கின றெக்கை” என்று மலை முழுக்கக் கேலி செய்திருந்தார்கள். பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சிமெண்ட் குழைக்கிற அவள் கை, பசை குழைக்கச் சீக்கிரமே பழகிவிட்டது. ஆனாலும் கற்றுக்கொள்ளும்போதே இரண்டு ஜோடி வீணாயிற்று. இது மூன்றாவது.

செய்முறை எளிது. சூடான கம்பியால் ஃபோமை றெக்கை வடிவத்தில் அறுக்க வேண்டும். அதன்மேல் எபாக்ஸி பசை தடவிய கண்ணாடி இழைத் துணி. மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, பழைய ஃபிரிட்ஜ் மோட்டாரால் உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். அந்த வெற்றிடம்தான் துணியை ஃபோமோடு அழுத்திப் பிடிக்கும். பசை இறுகப் பத்து மணி நேரம். அதுவரை மோட்டார் நிற்கக்கூடாது. வெற்றிடத்தை உருவாக்குவதில் எங்கள் நிர்வாகக் குழுவுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டே முக்காலுக்குத் தலைவர் எக்ஹார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார்.

“சில்கே, இன்னும் கால் மணி நேரந்தான். அப்புறம் மோட்டாரை நிறுத்திடணும்.”

“நிறுத்தினா துணி தூக்கிக்கும், எக்ஹார்ட். பசை இன்னும் கொழகொழன்னு இருக்கு.”

“பசைக்குச் சட்டம் தெரியாது. நமக்குத் தெரியுமே!”

“போர்வை போட்டு மூடிடறேன். பூனை குறட்டை விடற மாதிரிதான் கேக்கும்.”

“பூனைக்கு விதிவிலக்கு இருக்கு. மோட்டாருக்கு இல்ல.”

“யாராவது புகார் பண்ணாங்களா?”

“யாரும் பண்ணல. பண்றதுக்கு முன்னாடியே கேட்டு நடக்கத்தானே சங்கம் வெச்சிருக்கோம்!”

ஜனநாயக முறைப்படி அவசரக் கூட்டம் கூடியது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஆறு கைகள் உயர்ந்தன. எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. அதிலும் பசை அப்பியிருந்தது. சரியாக ஒரு மணிக்கு மோட்டார் நின்றது.

அடுத்த இரண்டு மணி நேரம், கோப்பை தட்டில் இடிக்காமல் காபி குடித்தோம். சில்கே உறையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். யாரும் போய் ஒரு கை கொடுக்கவில்லை. அழுத்துவது சத்தமில்லாத வேலைதான். ஆனால் தீர்மானத்தில் அது இல்லை.

மூன்று மணிக்கு உறைக்குள் றெக்கை பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. சில்கே அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது கதவை இடித்துத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு டீட்ஸ் வந்தார். வயது எண்பது. கண்ணெல்லாம் சிவப்பு.

“எந்த மடையன்யா மோட்டாரை நிறுத்தினது?”

எக்ஹார்ட் நெஞ்சை நிமிர்த்தினார். “உங்க தூக்கத்துக்காகத்தான் ஐயா, சங்கமே கூடித் தீர்மானம் போட்டு...”

“என் தூக்கத்துக்கா? என் பழைய ஃபிரிட்ஜ் போனதுலேர்ந்து எனக்குச் சரியான தூக்கமே கிடையாது. இன்னிக்குத்தான் அதே சத்தத்தைக் கேட்டு, காலையிலேர்ந்து சொக்கிப்போய்க் கிடந்தேன். சரியா ஒரு மணிக்கு எழுப்பி விட்டுட்டீங்களே, பாவிங்களா! ரெண்டு மணி நேரமாப் புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரல!”

பிறகு அவர் சில்கே பக்கம் திரும்பினார். “அம்மாடி, அந்த மோட்டாரைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வா. என் கட்டில் பக்கத்துலயே வெச்சு ஓட்டு.”

“அங்கேயும் அமைதி நேரம் உண்டே!” என்றார் எக்ஹார்ட்.

“அது என் அமைதிய்யா. நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை மிச்சமிருந்த ஃபோமில் சில்கே நான்காவது ஜோடியைச் செய்தாள். மோட்டார் பத்து மணி நேரம் ஓடியது. டீட்ஸ் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

ஞாயிறன்று அந்த றெக்கை மலைக்காற்றில் ஏறி, இறங்கவே மனமில்லாமல் சுற்றியது. ‘சொந்தக் கை’யில் இரண்டாம் இடம். எக்ஹார்ட் உடனே மேடையேறி, இது எங்கள் சங்கத்தின் ‘கூட்டு முயற்சி’ என்று பேசினார். நாங்கள் ஆறு பேரும் றெக்கையைப் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொண்டோம்.

வென்றவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், றெக்கை உருவானதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு கேள்வி உண்டு. சில்கே எழுதிக் கொடுத்ததை, செயலாளர் என்ற முறையில், ஓர் எழுத்துகூட மாற்றாமல் பதிவு செய்கிறேன்:

“உதவியவர்: டீட்ஸ், தூங்கிக்கொண்டு. கெடுத்தவர்கள்: செயலாளர் உட்பட ஆறு பேர், விழித்துக்கொண்டு.”