டிராகன் சாகாத நாவல்

படிக்காத புத்தகத்தைப் பற்றி மேடையில் பேசி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. வரிக்கு வரி படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

அந்த வருடம் எனக்கு வேலை போயிருந்தது. சதுரங்கப்பட்டினத்தில் தேவகி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அவள் கணவர் கோதண்டம் மாமா கடலுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஆகவே வாரம் இரண்டு முறை அக்காவைச் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு, வெட்டித் தம்பி (அப்போது ஊரில் எனக்கிருந்த ஒரே பட்டம்) தலையில் விழுந்தது.

ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். பொழுது போக ஆங்கில ஃபேண்டஸி நாவல் ஒன்றை எடுத்துப் போனேன்.

"இன்னாடா, தனியா சிரிச்சிகினு கீற? எனக்கும் சொல்லு" என்றாள் அக்கா.

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பறக்கும் தீவு, பேசும் ஓநாய் எல்லாவற்றையும் உடனே நம்பினாள். சாவை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. கிழட்டு டிராகன் மேல் ஈட்டி பாய்ந்ததும், ஊசி குத்தியிருந்த கையை வெடுக்கென்று அசைத்துவிட்டாள். மெஷின் அலறியது. நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினார்.

"செத்துப்பூச்சாடா?"

"இல்லக்கா, மயக்கம்தான்."

அன்றிலிருந்து பதினோரு நாவல்களில் ஒருத்தரையும் நான் சாகவிடவில்லை. தலை வெட்டுப்பட்ட தளபதியைக்கூட (கழுத்தில் சின்னக் கீறல்) காப்பாற்றினேன்.

அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. ஐப்பசி மழையோடு போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, அணுபுரத்தில் வாசகர் கூட்டம். இந்த ஆண்டு படித்ததில் பிடித்த ஃபேண்டஸி நாவல்களைப் பரிந்துரைக்கச் சொல்லி அழைத்தார்கள். வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மாமாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் புத்தகங்களை மறுபடி திறக்க எனக்குத் தெம்பில்லை. ஞாபகத்தை நம்பி மைக்கைப் பிடித்தேன்.

"கடைசியில் டிராகன் பேரக்குட்டிகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் பறக்கிற காட்சிக்காகவே இதைப் படிக்க வேண்டும்" என்றேன்.

முன்வரிசைக் கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். "சார், டிராகன் பாதியிலயே செத்துடும் சார்."

அடுத்த நாவலுக்குத் தாவினேன். அதில் ராணி, தன் மகளின் கல்யாணத்தில் நின்று பரிமாறினாள். "சார், ராணிய வெஷம் வச்சுக் கொன்னுடுவாங்க." தளபதியிடம் போனேன். "சார், அவருக்குத் தலையே இருக்காது சார்!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. "படிச்சீங்களா, இல்ல அட்டையப் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார் கூட்டத் தலைவர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அதையும் மைக் ஊருக்கே கேட்கும்படி ஒலிபரப்பியது.

பின்வரிசையிலிருந்து மாமா எழுந்தார்.

"தபாரும்மா, எங்க மச்சான் சொன்னதுதான் கரெக்டு. என் வூட்டுக்காரி ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து எனக்கு எல்லாக் கதையும் சொல்லுவா. ஒருத்தரும் சாவல."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் இறங்கும்போது மேடைப் படியில் தடுக்கி, தலைவர் மடியிலேயே விழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியும் மச்சான்" என்றார்.

"என்ன மாமா?"

"நீ மாத்திச் சொல்றது. 'தம்பி மூஞ்சப் பாத்தாலே தெரியுது, பாவம், எனக்கோசரம் கஷ்டப்படுறான், நானும் நம்புற மாதிரியே கீறேன்'னு சொல்லுவா."



இப்போதும் மாமா வீட்டில் டி.வி. பார்க்கும்போது படத்தில் யாராவது குண்டடிபட்டு விழுந்தால், அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "மச்சான், இவன இன்னா பண்ணலாம்?"

வீட்டில் இருப்பவர்கள் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.