முற்றும் என்று ஆரம்பித்த படம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே தாங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தங்கள் தங்கை தினமும் காலையில் தங்களோடு அரைமணி நேரம் தொலைபேசியில் பேசிவிட்டு, தங்கள் முழங்கால் வலி முதல் மத்தியானத் தூக்கம் வரை எல்லாவற்றையும் என் காதில் போட்டுவிடுவதால், நான் புதிதாக விசாரிக்கத் தங்களிடம் நலம் எதுவும் மிச்சமில்லை. தாங்கள் என்னோடு பேசாமல் இருந்து இன்றோடு ஏழு மாதமும் நான்கு நாளும் ஆகிறது. அன்று தாங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அப்படியே இருக்கிறது. தங்கள் தங்கை அதைத் தினமும் துடைத்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழக்க தோஷத்தில் மூன்றாவது தட்டையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, மறுபடி உள்ளே கொண்டு போகிறாள். அந்தத் தட்டுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆதியோடு அந்தமாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் அறிக்கை எழுதிய கை. நான் திரைப்படக் கழகத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து நாம் இருவரும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வருடத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் வருடம், இரண்டாவதில் பெரிய விருதுக் குழு எந்தப் படத்துக்குக் கொடுத்தது என்பது, மூன்றாவதில் நியாயமாக எந்தப் படத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவது கட்டத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் படத்திலும் கதாநாயகனை நனைய விடுவதால் நாம் மழைக்காரர் என்று பெயர் வைத்த இயக்குநருக்குக் குழு நான்கு முறை கொடுத்தது. நாம் இரண்டை ரத்து செய்தோம். மூன்று மணி நேரப் படத்தில் பதினேழே வரி வசனம் வைத்த மௌனிக்குக் குழு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லை. நாம் ஐந்து முறை கொடுத்து, நம் இயக்குநர்கள் வரிசையில் முதலிடமும் கொடுத்தோம். அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம். எல்லாப் படத்திலும் ஒரு குதிரையை ஓடவிடும் குதிரைக்காரரை அதே வரிசையில் பதினோராவது இடத்தில் வைத்தோம், அதிலும் பாதி மதிப்பெண் குதிரைக்கு. இப்படி நாற்பத்தொரு வருடத்தில் மூன்றாவது கட்டங்களில் நாற்பது நிரம்பிவிட்டன. முதல் வருடத்துக் கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

அதுதான் ‘ஏழாம் எண் மேசை’ வந்த வருடம். குழு வழக்கம்போல் மழைக்காரருக்குக் கொடுத்தது. அது சரியென்பது தங்கள் கட்சி. எனக்கோ, உணவு விடுதியில் பரிமாறும் ஒருவன், தினமும் ஏழாம் எண் மேசைக்கு வரும் பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமலே கிழவனாகிப்போகும் அந்தப் படத்தைத் தாண்டி உலகத்தில் வேறு படம் கிடையாது. முதல் காட்சியில் அவன் இடுப்புத்துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தானே அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு தேநீர் கேட்பான். எதற்கு உட்கார்ந்தான், ஏன் அழுகிறான், எதிர் நாற்காலி யாருடையது, நமக்கு எதுவும் தெரியாது. திரையில் ‘முற்றும்’ என்று விழும். அதற்குப் பிறகுதான் பெயர்களே போடுவார்கள். முற்றும் என்று போட்டுவிட்டுப் படத்தை ஆரம்பித்த இயக்குநர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்போதெல்லாம் தாங்கள் வாசலில் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள்.

நாம் சண்டை போட்ட அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “மாப்பிள்ளை, ஆரம்பம் ஒரே இழுவை. கடைசிக் காட்சி ஒண்ணுதான் தேறும்” என்பீர்கள். “மச்சான், ஆரம்பம்தான் உச்சம். கடைசிலதான் கொஞ்சம் சப்புன்னு முடியுது” என்பேன் நான். தங்களுக்கு ரசனை இல்லை என்று நானும், எனக்குப் புத்தி இல்லை என்று தாங்களும் முடிவுகட்டி நாற்பத்தொரு வருடம் ஓட்டிவிட்டோம். கடைசியில் ஏழு மாதம் முன்பு, கழகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரில் நம் நோட்டை அச்சடிக்கப் போகிறார்கள், காலிக் கட்டத்தை நிரப்புங்கள் என்று கேட்டபோது, “படம் போட்டு அரைமணி நேரத்துல பதினோரு பேர் எழுந்து போன படத்துக்கா நான் கையெழுத்துப் போடணும்?” என்று தாங்கள் கேட்க, “மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி படம் பார்த்தா அப்படித்தான் தெரியும்” என்று நான் சொல்ல, தாங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினீர்கள். மருந்துக்கடையில் நாற்பது வருடம் நின்றவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போதே மனசு உறுத்தியது. வாய்தான் வரவில்லை.

சரி, வாயால் ஆகாததை அளவால் முடிப்போம் என்று போன மாதம் படத்தை மறுபடி பார்க்க முடிவு செய்தேன். கதைக்கு முப்பது, நடிப்புக்கு இருபத்தைந்து, ஒளிப்பதிவுக்கு இருபது, இசைக்குப் பத்து, பார்த்தவன் எழுந்த பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறான் என்பதற்குப் பதினைந்து என்று தாளில் கோடு போட்டு, நிறுத்துக் கடிகாரத்தையும் துடைத்து வைத்தேன். கடையிலிருந்து படத்தின் டிஸ்க் வந்தது. போடும் பெட்டி திறக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து திறந்தார், அது மறுபடி மூடவில்லை. ரப்பர் வளையம் மாட்டி மூடினால் படம் வந்தது, சத்தம் வரவில்லை. நான் ஒலியைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டு வயரைத் தொட்டுப் பார்க்க, திடீரென்று வந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டார். வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் அவர் கையிலும் ஒரு மதிப்பெண் தாளைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

படம் ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் பெயர்கள். பிறகு ஒரு சின்னப் பையன் போலிருக்கும் பரிமாறுபவன் தட்டைக் கீழே போடுகிறான். அதற்குப் பிறகு விடுதி, விடுதி, மறுபடி விடுதி. கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே கடைக்குப் போய், “முதல் காட்சியையே தூக்கிட்டாங்க. மாத்திக் கொடுங்க” என்றேன். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது முறை போனபோது, “சார், எல்லா டிஸ்க்கும் இப்படித்தான் இருக்கு. நீங்க கடைசி வரைக்கும் பாருங்களேன்” என்றார். நான் கேட்கவில்லை. டிஸ்க் போடும் நிறுவனத்துக்கே, ‘படத்தின் முடிவைத் தாங்கள் அநியாயமாகக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், இது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம்’ என்று புகார் எழுதிப் போட்டேன். தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

பிறகுதான் கடைக்காரர் சொன்னபடி கடைசி வரைக்கும் பார்த்தேன். இடுப்புத்துணி, ஏழாம் எண் மேசை, தேநீர், முற்றும், எல்லாம் கடைசியில் பத்திரமாக இருந்தன. அப்போதுதான் விளங்கியது. அன்று கழகத்தில் நான் பார்த்தது, கடைசியான நான்காவது சுருளை முதலில் ஓட்டிய படம். பதினோரு பேர் எழுந்து போனது, முற்றும் என்று போட்டதால். நான் போகாததற்குக் காரணம், வெளியே மழை, என் குடையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தாங்கள் வாசலில் நின்றதால் அன்று உள்ளே வரவில்லை; முந்தின வாரமே விநியோகஸ்தரிடம் ஒழுங்கான வரிசையில் பார்த்துவிட்டீர்கள். ‘முடிந்த இடத்தில் தொடங்கும் படம்’ என்று நான் கழகப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, விமர்சகர்களின் வழக்கமான வாய்ஜாலம் என்று நினைத்து, சண்டை போடுவதற்காக என்னை வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள். அந்த வீட்டில்தான் தங்கள் தங்கையை முதன்முதலில் பார்த்தேன்.

ஆகவே, மச்சான், தோற்றவன் நான். படத்தை ஒழுங்காக அளந்து பார்த்துவிட்டேன், நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. அந்த வருடம் குழு கொடுத்தது சரி. தாங்கள் சொன்னது சரி. காலிக் கட்டத்தில் மழைக்காரரின் படத்தையே எழுதி, என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். சுருள் டப்பாக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது தாங்கள்தான் என்பதையும், கட்டை அவிழ்க்கும்போது வரிசை மாறியிருக்கலாம் என்பதையும் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தங்களிடம் மட்டும் ஒருமுறை சொல்லி வைக்கிறேன். கண்ணாடியைத் தபாலில் அனுப்ப மாட்டேன், உடைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தாங்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

தங்கள் முழங்கால் படிகளை எளிதாக ஏறவும், தாங்கள் நீண்ட ஆயுளோடு இன்னும் பல விருதுக் குழுக்களைத் திட்டவும் வாழ்த்தி வணங்கும்,

தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன்.

உறையை ஒட்டும் முன்பு வழக்கப்படி தங்கள் தங்கையிடம் படித்துக் காட்டினேன். சைக்கிள் இடம் வந்ததும், “அண்ணன் மேல பழி போடாதீங்க. அவர் சரியாத்தான் கட்டிக்கிட்டு வந்தார்” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “அந்த வாரம் ஆபரேட்டருக்குப் பல்வலி. மெஷினை ஓட்டினது நான்தானே” என்றாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவளுக்கு வயரும் சுவிட்சும் புதிதல்ல. ஆனால் இந்த விஷயத்தைத் தாங்களும் என்னிடம் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அப்படியானால் சுருள் நம்பரைக் கவனிக்காமல் மாற்றிவிட்டாயா என்று கேட்டேன்.

“கவனிச்சுத்தான் மாத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் மெஷின் சரியா ஓடுதான்னு தனியா உட்கார்ந்து முழுசும் போட்டுப் பார்த்தேன். கதை தப்பான இடத்துல ஆரம்பிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த ஆள் எதுக்கு அழறான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தாத்தானே மீதியைப் பார்ப்பாங்க? அதான் நாலாவதை முதல்ல போட்டேன்.”

நாற்பத்தொரு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அந்தப் படத்தை எடுத்தவரைப் பத்தி நீங்க அவ்வளவு அழகா பேசிட்டிருந்தீங்க. கேட்டுட்டிருக்கிறவ யாராவது நிறுத்துவாளா?” என்றாள். பிறகு, “உங்க கட்டுரையைப் படிச்ச அன்னைக்கே அண்ணன்கிட்ட, இவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சண்டை போடுங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றாள்.

மச்சான், என் மனசு நிறைந்துவிட்டது. எழுதினால் கேலி செய்வீர்கள், செய்யுங்கள். விருதுக் குழுவையும் நான் மன்னித்துவிட்டேன். பாவம், அவர்கள் சுருள்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நோட்டில் மழைக்காரரின் பெயரை அடித்துவிட்டேன். காலிக் கட்டத்தில் மறுபடி ‘ஏழாம் எண் மேசை’ என்றே எழுதியிருக்கிறேன், இயக்குநர் பெயர் இருக்கும் இடத்தில் தங்கள் தங்கையின் பெயரோடு. இயக்குநர்கள் வரிசையிலும் மௌனி ஒரு படி கீழே இறங்கி இரண்டாம் இடத்துக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து தாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை என்பதற்காகப் போட வேண்டாம், நாற்காலியில் உட்கார வைத்து, படத்தை அவள் போட்ட வரிசையில் ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இதையும் அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பதினைந்துக்குப் பதினைந்து போடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, “எல்லாம் சரிதாங்க. இந்தக் கடைசித் தாளை முதல்ல வெச்சா கடிதம் இன்னும் நல்லா இருக்கும்” என்றாள். அப்படியே வைத்து மடித்திருக்கிறேன். தாங்கள் வழக்கம்போல் பக்க எண் பார்த்து அடுக்கி, மேலிருந்து கீழே படித்திருந்தால், அதற்கு இயக்குநர் பொறுப்பல்ல.