சாப்பிட்டாயிற்று என்று பதிவான ஆடு

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுப் பகுதியில், ஒரு புலி வாழ்ந்து வந்தது. அது வேட்டையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. பசித்தால் போனில் ஆர்டர் போடும். அடிவாரப் பட்டியிலிருந்து ஆடு வரும்.

முன்பெல்லாம் வழியில் ஆடுகள் காணாமல் போயின. அதனால் எல்லாவற்றையும் பிளாக்செயினில் ஏற்றினார்கள். ஒவ்வோர் ஆட்டின் காதிலும் க்யூஆர் கோடு போட்ட மஞ்சள் வில்லை. பட்டியை விட்டது, ஓடையைத் தாண்டியது, புலி சாப்பிட்டது, எல்லாம் பதிவாகும். பதிவின் நகல் காட்டிலுள்ள அத்தனை காக்கைகளிடமும் இருக்கும். ஒருமுறை ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. "இனி யாரும் யாரையும் நம்பவே வேண்டாம்" என்று திறப்பு விழாவில் பெருமையாகப் பேசினார்கள்.

டெலிவரி வேலை நரிக்கு. ஐந்து மணிக்குள் கொண்டுசேர்க்காவிட்டால் ரேட்டிங் குறையும். ஒருநாள் வெள்ளச்சி என்ற ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடைக்கு வந்தபோதே மணி நாலு ஐம்பத்தெட்டு. தூக்கத்தில் எழுப்ப வேண்டாம் என்று புலி காலையிலேயே ஓடிபியைச் சொல்லியிருந்தது. நரி, 'ஒப்படைத்தாயிற்று', 'சாப்பிட்டாயிற்று' இரண்டையும் அழுத்தியது. கையோடு ஐந்து நட்சத்திரமும் போட்டுக்கொண்டது.

"அண்ணே, நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?" என்றது வெள்ளச்சி.

"அது நமக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியாதே. நட."

புலி வாயைத் திறப்பதற்கு முன் விதிப்படி வில்லையை ஸ்கேன் செய்தது. போன் சிவந்தது: 'இந்த ஆடு ஏற்கெனவே சாப்பிடப்பட்டது.'

மரத்திலிருந்த காக்கை எட்டிப் பார்த்தது. "மறுபடி சாப்பிட்டால் பதிவில்லாத இறைச்சி ஆகிவிடும் ஐயா. உங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள்."

"பசி உயிர் போகுதுய்யா எனக்கு!"

"இல்லை ஐயா, திருப்தியாக இருக்கிறீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்களே."

புலி புகார் எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தது.

பிழைத்தோம் என்று வெள்ளச்சி துள்ளிக்கொண்டு பட்டிக்கு ஓடியது. வாசல் நாய் ஸ்கேன் செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"நீ செத்துட்டியேம்மா. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் கதவு திறக்கும்."

"உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"அப்படின்னா உயிர்ச் சான்றிதழ் வாங்கிட்டு வா."

"யாருகிட்ட?"

"ஆன்லைன்லதான். ஆனா, இறந்தவங்க விண்ணப்பிக்க முடியாது."

வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடைக்குத் திரும்பியது. நரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா, உள்ள விடலையா?"

"இல்லண்ணே. இப்ப நான் யாரு ஆடுன்னே தெரியல."

"யாரு ஆடும் இல்ல. நீதான் இல்லவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே நரி எழுந்து வந்தது.

காக்கைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இல்லாத ஆட்டை ஒருவர் தின்றால் அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் இல்லை.

மறுநாள் புலியின் புகாரை விசாரிக்கக் கரடி வந்தது. காடு முழுக்கத் தேடியது. வெள்ளச்சி எங்கும் இல்லை. ஓடைக்கரையில் மஞ்சள் வில்லை மட்டும் கிடந்தது.

"ஆட்டைச் சாப்பிட்டாயிற்று என்கிறது பதிவு. ஆட்டைச் சாப்பிட்டுத்தான் இருக்கிறார்கள். பதிவில் ஒரு பிழையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது கரடி. பொய்ப் புகார் கொடுத்த புலிக்கு அபராதம். குறித்த நேரத்தில் கொண்டுசேர்த்த நரிக்குப் பாராட்டுப் பத்திரம்.

நீதி: பிளாக்செயினில் ஏறியது ஒருபோதும் பொய்யாகாது, உண்மைதான் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும்.