மேல் வலை, கீழ் வலை

"ஏங்க, இன்னிக்கு எத்தனை செத்துச்சு?"

தர்சா மிதவைப் பலகையில் குப்புறப் படுத்து, மல்லாந்து மிதந்த கெண்டைகளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். மாமனாரின் படகு வந்து சேர்வதற்குள் வாளியை மறைத்தாக வேண்டும்.

"கொஞ்சம்தான் இமாஸ்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

சிராத்தா நீர்த்தேக்கத்தில் மிதக்கும் ஒவ்வொரு மீன் கூண்டுக்கும் இரண்டு அடுக்கு வலை. மேலே கெண்டை. அது தின்னாமல் விட்டதைத் தின்று வளரும் ஜிலேபி மீன் கீழே. கல்யாணத்தின்போதே மாமனார் ஹாஜி சனுசி பிரித்துக் கொடுத்துவிட்டார்: மேல் வலை மாப்பிள்ளைக்கு, கீழ் வலை மகளுக்கு. இந்த அறுவடையிலும் கெண்டை தேறாவிட்டால் மேல் வலையும் மகளுக்கே. மாப்பிள்ளை அவருடைய பஜ்ஜிக் கடைக்கு.

தர்சாவுக்கு எண்ணெய்ப் புகையே ஆகாது.

அவனும் என்னதான் செய்யவில்லை? அளந்து தீவனம் போட்டான். கெண்டைகள் மேலே வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போயின.

"குறைச்சலாப் போட்டா கோவிச்சுக்காதா? கூடப் போடுங்க" என்றாள் இமாஸ்.

கூடப் போட்டான். தண்ணீர் நாறி மீன் செத்தது. பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்தான்.

"வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று கண்ணைக் கசக்கினாள்.

மறுபடி கூட்டினான். இன்னும் செத்தது. ருசிக்காகப் பூண்டு அரைத்துக் கலந்தான். பக்கத்துக் கூண்டுக்காரர்தான் மோப்பம் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பிடிச்சப்புறம்தானே மசாலா தடவுவாங்க?"

கவலையில் புரண்டு புரண்டு படுத்து, வெயில் ஏறிய பிறகுதான் அவனுக்கு விழிப்பே வரும். அதற்குள் இமாஸ் கூண்டைச் சுற்றிப் பெருக்கிக் கழுவி வைத்திருப்பாள். அவள் மட்டும் இல்லையென்றால் எப்போதோ உடைந்துபோயிருப்பான்.

படகு வந்து முட்டியது. ஹாஜி சனுசி இறங்கினார். படகுக்காரன் கோமார் மேல் வலையை இழுத்துத் தூக்கினான். கெண்டைகளுக்கு முதுகு சப்பை, வயிறு மட்டும் உப்பல்.

"உன்னை மாதிரியே வளத்திருக்க மாப்ள. தொப்பை மட்டும்தான் இருக்கு."

"தீவனத்துல ஒரு குறையும் வைக்கல மாமா."

"அந்த வாளில என்ன?"

தர்சா வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டான். நாற்றம் உட்காரவில்லை.

கீழ் வலை மேலே வந்தது. தலையணை தலையணையாக ஜிலேபி மீன்கள் துள்ளின.

"பாரு! எம் பொண்ணு ஒரு பிடி தீவனம் வாங்கினதுண்டா?"

"எல்லாம் அவரு கைராசிப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டாள் இமாஸ்.

தர்சா வாளியை விட்டு எழுந்தான். "கடைக்கு எப்ப வரணும் மாமா?"

"இப்பவே ஏறு."

ஏறினான். காலில் ஏதோ மூட்டை இடித்தது. கோமார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு இமாஸைப் பார்த்துக் கேட்டான்:

"அக்கா, இந்தத் தவிட்டு மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோயிரவா? மேல் வலையும் உங்களுக்கே வந்திருச்சு, இனிமே அண்ணன் எந்திரிக்கிறதுக்குள்ள கெண்டைக்கு வயித்தை ரொப்பி விட வேண்டியதில்லையே?"